அங்க, யற்கண்ணி

இந்தத் தடவை மூச்சு வாங்கக் கூடாது. 'அங்க' வரும்போது அதை நினைக்கவே கூடாது. வேறு எதையாவது நினை. அடுப்பில் வைத்துவிட்டு வந்த பாலை நினை. அப்படியே வழுக்கிக்கொண்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடு. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு நொடி, அவ்வளவுதான்.

'அங்க' வந்தது. ராதாமணியின் தோள்கள் தாமாக உயர்ந்தன. மூச்சு உள்ளே போயிற்று. மற்ற குரல்கள் எல்லாம் நீண்ட சுரத்தின் மேல் நழுவி அடுத்த எழுத்துக்குப் போய்விட, அவள் மட்டும் ஒரு கணம் நின்று, பிறகு 'யற்கண்ணி' என்று ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள்.

மீனலோசனி டீச்சர் கண்ணைத் திறந்தார்.

"யாரோ ஒருத்தங்க இன்னும் அங்கயே நிக்கிறீங்க."

"பஸ்ஸு வரல டீச்சர், அதான்," என்றார் கிரிதரன்.

எல்லோரும் சிரித்தார்கள். ராதாமணியும் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகாயமேரி மட்டும் அவள் தொடையில் விரலால் மெல்லத் தட்டினாள். தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.

முனிச்சாலையில் கூட்டுறவுக் கடையின் மாடியில் இருந்த அந்தக் குழந்தைகள் இசைப்பள்ளிக்கு அந்த வருடம், 2008இல், இருபத்தைந்து வயது. தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கமாக நடத்தும் பள்ளி. மொட்டைமாடியில் பந்தல் போட்டு விழா எடுப்பது என்று தீர்மானித்திருந்தார்கள். இப்போது படிக்கிற பிள்ளைகள் பாடுவார்கள். பழைய பிள்ளைகள் பாடினால் நன்றாக இருக்கும் என்று டீச்சருக்கு ஆசை. ஆனால் அவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலுமாக இருந்தார்கள். "பிள்ளைக இல்லாட்டி என்ன டீச்சர், பெத்தவங்க நாங்க இருக்கோம்ல" என்று கிரிதரன் விளையாட்டாகச் சொல்லப்போக, டீச்சர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆரம்ப வகுப்பில் முதன்முதலில் சொல்லிக்கொடுக்கும் பாட்டை, அவரே சின்னப் பிள்ளைகளுக்கென்று கட்டிய நாலு வரிப் பாட்டை, பழைய பெற்றோர் பதின்மூன்று பேர் மேடையில் பாடுவது என்று முடிவாயிற்று.

'அங்கயற்கண்ணி ஆற்றங்கரை வந்தாள்' என்று தொடங்கும் பாட்டு அது.

பொங்கல் கழிந்து முதல் ஞாயிறு ஒத்திகைக்கு வந்தபோது, பதின்மூன்று பேருமே கதவருகில் கொஞ்சம் தயங்கினார்கள். பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு எட்டு வருடம், பத்து வருடம் வெளியே மாடிப்படிகளில் உட்கார்ந்தவர்கள். ஒருவரும் அந்த அறைக்குள் உட்கார்ந்ததில்லை. உள்ளே இவ்வளவு சின்ன அறையா என்று ராதாமணிக்குத் தோன்றியது. வெளியிலிருந்து கேட்டபோது பெரிய கூடம் போல இருந்தது.

"உங்களுக்குச் சொல்லித் தரவே வேணாம். எங்க, பாடுங்க பாப்போம்," என்று டீச்சர் சுருதிப் பெட்டியைத் திருகிவிட்டார்.

பாடினார்கள். 'அங்க' என்று பதின்மூன்று பேரும் நீட்டினார்கள். பதின்மூன்று பேரும் சேர்ந்தாற்போல் மூச்சு வாங்கினார்கள். பிறகு 'யற்கண்ணி' என்றார்கள்.

டீச்சர் சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டார்.

"இது என்ன? இதை யாரு உங்களுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"படியில கேட்டதுதான் டீச்சர்," என்றாள் சகாயமேரி.

"அம் கயல் கண்ணி. கயல்னா மீனு. அழகான மீன் மாதிரி கண்ணு உள்ளவ. நீங்க எல்லாரும் சேந்து மீனை நடுவுல நறுக்கிட்டீங்களே!"

"குழம்புக்குத்தான் டீச்சர்," என்று கிரிதரன் சொல்ல, அறை குலுங்கியது.

கிரிதரன் டெலிபோன் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் ஹரிஷ்குமாரை வகுப்பில் விட்டுவிட்டு, மேல்படியில் முதுகைச் சாய்த்து, பேப்பரை விரித்து முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உறங்குவார். அத்தனை வருடத்தில் அவர் ஒரு பாட்டாவது காதில் வாங்கியதாக யாருக்கும் நினைவில்லை. அவரும் அதே இடத்தில் மூச்சு வாங்கியிருந்தார்.

"தூக்கத்துலயே கத்துக்கிட்டீங்களாண்ணே?" என்றாள் சகாயமேரி.

"முழிச்சிருந்தா எம்புட்டுக் கத்துக்கிட்டிருப்பேன், யோசிச்சுப் பாருங்க."

காரணம் ஒன்றும் பெரிதில்லை. டீச்சர் உரக்கப் பாட மாட்டார். நான் கத்தினால் பிள்ளைகளும் கத்தும், நான் மெதுவாகப் பாடினால்தான் காதைக் கொடுத்துக் கேட்கும் என்பார். அம்மா அப்பா உள்ளே உட்காரக் கூடாது என்பதும் அவர் விதிதான். உட்கார்ந்தால் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பாடுமாம். அதனால் படிக்கு டீச்சரின் குரல் வந்ததே இல்லை. வந்தது பிள்ளைகளின் குரல் மட்டும். பிள்ளைகள் என்ன பாடினவோ அதைத்தான் பெற்றவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஆரம்ப வகுப்பில் சேர்ந்தவை எல்லாம் ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளைகள். 'அங்க'வில் சுரம் நீளும். அந்தச் சின்ன நெஞ்சுகளில் அதற்குமேல் காற்று இல்லை.

இரண்டாவது ஞாயிறு பாதிப்பேர் திருத்திக்கொண்டார்கள். மூன்றாவது ஞாயிறு கிரிதரன் உட்பட எல்லோருக்கும் சரியாகிவிட்டது. ராதாமணிக்கு மட்டும் ஆகவில்லை.

அன்று ஒத்திகை முடிந்து இறங்கும்போது சகாயமேரி படித்திருப்பத்தில் நின்றாள். மாடிப்படி பாதியில் திரும்பும் இடம் அது. அங்கே கம்பி போட்ட ஒரு ஜன்னல் உண்டு. அந்த நாளில் இருவரும் உட்காரும் இடம். பத்தொன்பது படிகளில் அந்த ஒன்றில்தான் காற்று வரும்.

"ராதா, ஒரே ஒரு மூச்சு. அதுக்கு என்ன இம்புட்டுப் பாடு?"

"வர மாட்டேங்குதுக்கா."

"நான் வேதக்காரி, எனக்கே அங்கயற்கண்ணி முழுசா வந்துட்டா. ஒனக்கு வரலைன்னா யாரு நம்புவா?"

ராதாமணி சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கேபிள் கம்பிகளுக்கும் புதிதாக எழுந்த ஒரு ஓட்டல் விளம்பரப் பலகைக்கும் நடுவில் மீனாட்சி கோவில் தெற்குக் கோபுரத்தின் தலை மட்டும் தெரிந்தது. அப்போது பாதிக் கோபுரம் தெரியும்.

அப்போது என்றால் தொண்ணூற்று மூன்று, ஜூன் மாதம். மகள் காவ்யஸ்ரீக்கு ஆறு வயது. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். தமிழ் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்து சேர்ந்துகொண்டிருந்த மொழி. சகாயமேரியின் மகள் பெர்சி அவளுக்கு வகுப்பில் பக்கத்து இடம். பெர்சிக்குத் தங்கள் வீட்டுப் பேச்சு புரியாது என்று தெரிந்துகொண்ட அன்றே காவ்யஸ்ரீ ஒரு சட்டம் போட்டுவிட்டாள். கீழ்ப்படியில் கால் வைத்தால் தமிழ். இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டால் நம் பேச்சு. ராதாமணி மறந்து ஏதாவது சௌராஷ்டிரத்தில் சொல்லிவிட்டால், "அம்மா, படி!" என்று விரலை ஆட்டுவாள்.

சனி, ஞாயிறு, மாலை நாலிலிருந்து ஐந்து வரை வகுப்பு. அந்த ஒரு மணி நேரத்தில் ராதாமணிக்குச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு மணி நேரம் அவளுக்கு வாய்த்ததில்லை. தறி ஓசை இல்லை, மாமனாரின் மருந்து இல்லை, உலை இல்லை. முதல் வாரம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. பிறகு பழகிவிட்டது. சுவரில் சாய்ந்தால் பிள்ளைகள் தாளம் போடுவது முதுகில் தெரியும். சகாயமேரி தன் பள்ளிக்கூடத்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டே ஏதாவது பேசுவாள். கீழே கூட்டுறவுக் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாளென்றால் வாடை மேலே வரும். ராதாமணி எதையும் யோசிக்க மாட்டாள். கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்கிறோம் என்றும் தெரியாது.

இந்தப் பாட்டு தொடங்கிய முதல் நாள் வகுப்பு முடிந்து பிள்ளைகள் இறங்கி வந்தன. காவ்யஸ்ரீ படித்திருப்பத்தில் நின்று கேட்டாள்.

"அம்மா, அங்கன்னா எங்க?"

"எது?"

"டீச்சர் அங்க, யற்கண்ணின்னு பாட்டுச் சொல்லிக் குடுத்தாங்கல்ல. அங்கன்னா எங்க?"

ராதாமணிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரித்தால் குழந்தையின் முகம் சுருங்கிவிடும். சொல்லிக் கொடுத்திருக்கலாம். இது ஒரே பேருடி, நம்ம மீனாட்சியோட பேரு என்று இரண்டு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கோபுரத்தைக் காட்டினாள்.

"அங்க."

குழந்தை கம்பியைப் பிடித்து எம்பிப் பார்த்தது.

"யற்கண்ணி அங்கயா இருக்கா?"

"ஆமா."

"ஆத்தங்கரைக்கு எப்படி வருவா?"

"நடந்துதான்."

அது போதுமாக இருந்தது. அன்றிலிருந்து காவ்யஸ்ரீ அந்தத் திருப்பத்துக்கு வந்ததும் நின்று, வலதுகை ஆள்காட்டி விரலைக் கோபுரத்துக்கு நேரே நீட்டி, 'அங்க' என்று பாடுவாள். பிறகு நிறுத்தி, தோள் இரண்டும் காது வரை ஏற ஒரு மூச்சு வாங்குவாள். அந்த மூச்சில் 'ஹக்' என்று ஒரு சத்தம் வரும். பிறகுதான் யற்கண்ணி வருவாள். பெர்சியும் பார்த்துவிட்டு விரலை நீட்டத் தொடங்கினாள். தமுக்கம் பொருட்காட்சியில் வாங்கி ஒரு வருடமாகப் பேரில்லாமல் கிடந்த பொம்மைக்கு யற்கண்ணி என்று பேர் வந்தது. யற்கண்ணிக்கு ஜுரம் என்று ஒருநாள் காவ்யஸ்ரீ வகுப்புக்கு வர மறுத்தாள்.

திருத்த எவ்வளவோ நாள் இருக்கிறது என்று ராதாமணி நினைத்திருந்தாள். ஆடி, ஆவணி, புரட்டாசி. தீபாவளிக்கு முந்தின வாரம் குழந்தை இறங்கி வந்து, படித்திருப்பத்தில் நிற்காமலே, "அம்மா, இது ஒரே மூச்சுல பாடணுமாம். அது அவ பேராம்" என்று சொல்லி, அங்கயற்கண்ணி என்று முழுதாகப் பாடிக் காட்டினாள். விரலை நீட்டவில்லை. "சமர்த்து" என்றாள் ராதாமணி. அவ்வளவுதான். கீழே இறங்கித் தெருவுக்கு வந்ததும் வேறு பேச்சு.

அதற்குள் பாலசுந்தரம் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். அவள் கணவர் எதற்கும் அதிகம் உற்சாகம் காட்டுகிறவர் அல்ல. ஆனால் ஒரு ஞாயிறு மாலை மகளை உட்கார வைத்து, அந்தப் பாட்டை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தார். செய்து முடித்ததும் கேசட்டின் மேல் ஓரத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பி உடைத்துவிட்டார். இனி இதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாது என்று சொல்லி, உறையில் தேதி எழுதி அலமாரியில் வைத்தார்.

எட்டு வருடம் கழித்து, காவ்யஸ்ரீ ஒன்பதாவது படிக்கும்போது, உடைத்த இடத்தில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடியும் பதியலாம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொடைக்கானல் எஃப்.எம்.மில் வந்த சினிமாப் பாட்டுகளை அதில் பதிந்து வைத்திருந்தாள். ராதாமணி ஒருநாள் மதியம் தற்செயலாகப் போட்டுப் பார்த்தாள். பாட்டுக்கு நடுவில் அறிவிப்பாளர் பேர்களை வாசித்தார். அவள் முழு கேசட்டையும் கேட்டாள். கடைசியில் பாட்டு ஓய்ந்து இரைச்சல் வந்தது. இரைச்சலுக்குப் பிறகு, அழியாமல் தப்பிய ஓர் ஓரத்தில், 'முடிஞ்சுதா' என்று பாலசுந்தரம் தங்கள் பேச்சில் கேட்கும் குரல் இருந்தது. அதற்கு முன்னால் இருந்தது எதுவும் இல்லை.

மகளை அவள் திட்டவில்லை. பதினாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு கேசட் கேசட்தான். அடுத்த வருடம் பத்தாவது பரீட்சை என்று பாட்டு வகுப்பும் நின்றது. சகாயமேரி பெர்சியை இன்னும் ஒரு வருடம் அனுப்பினாள். சனிக்கிழமை நாலு மணி ஆனால் ராதாமணிக்கு வீட்டில் கை ஓடாது. எதையாவது இரண்டு முறை கழுவுவாள்.

இப்போது காவ்யஸ்ரீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். மூன்றாவது ஒத்திகை முடிந்த அன்று போன் செய்தாள். தங்கள் பேச்சில்தான் பேசினார்கள். விழாவைப் பற்றிச் சொல்லிவிட்டு, ராதாமணி யற்கண்ணி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். யார் அது என்றாள் மகள். பொம்மை என்றதும், பச்சைக் கவுன் போட்டதா என்று கேட்டாள். அது வேறு பொம்மை. படித்திருப்பத்தையும் நீட்டிய விரலையும் கோபுரத்தையும் ராதாமணி சொன்னாள். காவ்யஸ்ரீ ரசித்துச் சிரித்தாள். தனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை என்றாள். "அவ்வளவு தப்பாகவா பாடினேன்? தயவுசெய்து அதை மேடையில் சொல்லிவிடாதே அம்மா" என்றாள். பிறகு அவளுக்கு வேறொரு அழைப்பு வந்தது.

போனை வைத்துவிட்டு ராதாமணி சமையலறைக்குப் போனாள். மகள்மீது வருத்தம் ஒன்றும் இல்லை. அவளுடைய ஆறு வயது அவளிடம் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? அதை வைத்துக்கொண்டு அவள் பெங்களூரில் என்ன செய்வாள்?

புதன்கிழமை சாயங்காலம் டீச்சர் எல்லோரையும் கூடுதலாக ஒரு நாள் வரச் சொல்லியிருந்தார். ராதாமணி முன்னதாகவே போய்விட்டாள். யாரும் வரவில்லை. படித்திருப்பத்தில் உட்கார்ந்து, வாய்க்குள்ளாகப் பாடிப் பார்த்தாள். அடிவயிற்றில் காற்றை நிறைத்துக்கொண்டு, 'அங்க'வை விடாமல் பிடித்து, 'யற்' வரை இழுத்தாள். வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது. மறுபடியும் பாடினாள். இன்னும் சுத்தமாக வந்தது. மூன்றாவது முறை வாய்விட்டுப் பாடும்போது சொல் முழுதாக, அழகாக, கோவிலில் கேட்கிற மாதிரி வந்தது. அப்போது அவள் தன்னை அறியாமல் தேடினாள். ஏறும் தோள் இல்லை. 'ஹக்' இல்லை. விரல் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கோபுரம் இருந்தது, அதைக் காட்ட ஆளில்லை.

அவள் அவசரமாகப் பழையபடி பாடினாள். 'அங்க.' மூச்சு. அது உடனே வரவில்லை. சற்றுப் போலியாக, யாரோ சொல்லி வாங்குகிற மூச்சு மாதிரி வந்தது. பயந்துபோய் மறுபடி பாடினாள், மறுபடியும். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ தோள் தானாக ஏறியது. அதற்குப் பிறகுதான் நெஞ்சு அடங்கியது. அன்று உள்ளே போனபோது அவள் பழையபடியே நின்று, ஓடிச் சேர்ந்தாள்.

விழாவுக்கு முந்தைய ஞாயிறு கடைசி ஒத்திகை. மூச்சு வாங்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் பாடியது அன்றுதான். பந்தல்காரர்கள் மேலே மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் ஏன் அப்படிச் சொல்லிக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லோருக்கும் நல்ல பிள்ளையாக இருந்துவிட வேண்டும் என்ற பழக்கம். அது சுலபத்தில் போகாது. தோள்தான் கேட்கவில்லை.

ஒத்திகை முடிந்து எல்லோரும் இறங்கினார்கள். "ராதாமணி, ஒரு நிமிசம்," என்றார் டீச்சர். சகாயமேரி அவளைப் பார்த்துவிட்டு, "கீழ நிக்கிறேன்," என்று போனாள்.

டீச்சர் சுருதிப் பெட்டியின் வயரைச் சுற்றிக்கொண்டே படித்திருப்பம் வரை கூட வந்தார். அங்கே நின்று, சௌராஷ்டிரத்துக்கு மாறினார். அவரும் தங்கள் ஆள்தான் என்பது ராதாமணிக்கு முதல் நாளே தெரியும். ஆனால் பதினைந்து வருடத்தில் இந்தக் கட்டடத்துக்குள் அவர் அவளிடம் வீட்டுப் பேச்சில் பேசியது இதுவே முதல் தடவை. குரல் கூட வேறாக இருந்தது, பக்கத்து வீட்டுப் பெரியம்மா மாதிரி.

மேடையில் மைக் இருக்கும், ஒரு மூச்சு கூட ஊருக்கே கேட்கும் என்றார். நான் கட்டின பாட்டு, இருபத்தைந்து வருடம் கழித்து ஒரு தடவை பெரியவர்கள் வாயில் முழுசாகக் கேட்க வேண்டும் என்று ஆசை என்றார். அவர் கண்ணில் அந்த ஆசை உண்மையாகவே இருந்தது.

"உனக்கு வராமல் இல்லை," என்றார். "புதன்கிழமை நீ இங்கே உட்கார்ந்து பாடியதைக் கேட்டேன். மற்ற பன்னிரண்டு பேரையும்விடச் சுத்தமாகப் பாடினாய். அதை அப்படியே மேடையில் பாடு. இல்லையென்றால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வாயை மூடிக்கொள். எனக்காக."

கீழே சகாயமேரி கிரிதரனிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. ராதாமணி கம்பியில் கை வைத்தாள். குழந்தை எம்பிப் பிடிக்கும் கம்பி, அவள் நெஞ்சுயரத்தில் இருந்தது. டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். சொன்னால் புரிந்துகொள்வார், கண்கூடக் கலங்குவார், விழாவில் இரண்டு வார்த்தை பேசவும் செய்வார். எல்லோரும் கை தட்டுவார்கள். சொன்னபிறகு அது ஒரு கதையாகிவிடும். அவளிடம் இருப்பது கதை இல்லை, ஒரு மூச்சு.

ராதாமணி தமிழில் பதில் சொன்னாள். படியில் தமிழ்தான்.

"அந்த ரெண்டுமே வேணாம் டீச்சர். பன்னெண்டு பேர வச்சுப் பாடுங்க, நல்லா இருக்கும்."

"அப்ப நீ?"

"விழாவுக்கு வாரேன். இங்கன படியில உக்காந்து கேக்குறேன்."